நம்பிக்கைக்கும் தரம் பிரிக்கும் விதி வேண்டும்

2022 ஜனவரியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ‘விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ்’ என்ற மின்சார மாதிரிக் காரை வெளியுலகுக்குக் காட்டியது. ‘ஹே மெர்சிடிஸ்’ என்று கூப்பிட்டதும் விழித்துக்கொள்ளும் குரல் வசதிக்கு, பிரெயின்சிப் என்ற சிறிய நிறுவனத்தின் ‘அகிடா’ சிப் அந்தக் காரில் பயன்பட்டது. வழக்கமான முறையைவிட இது ஐந்து முதல் பத்து மடங்கு திறன் மிக்கது என்று மெர்சிடிஸே சொன்னது. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த பிரெயின்சிப்பின் பங்கு அந்த மாதத்திலேயே 2.34 ஆஸ்திரேலிய டாலர் வரை ஏறியது. அப்போது வெளியீட்டில் இருந்த பங்குகள் சுமார் 170 கோடி. ஆக, நிறுவனத்துக்குச் சந்தை வைத்த விலை ஏறக்குறைய 400 கோடி டாலர். 2023 முடிவதற்குள் அதே பங்கு 20 சென்டுக்கும் கீழே போய்விட்டது. இடைப்பட்ட காலத்தில் சிப் பழுதாகிவிடவில்லை. மெர்சிடிஸ் தன் பாராட்டைத் திரும்பப் பெறவும் இல்லை. அந்தக் கார் விற்பனைக்கு வராத மாதிரி வண்டி என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, சிறு பங்குதாரர்கள் எதை நம்பி வாங்கினார்கள், எதை இழந்தார்கள்? அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால், தொடக்க நிலைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் தரும் செய்திகளை எடைபோட அவர்களிடம் ஓர் அளவுகோல் இல்லை என்பதே இங்கே அடிப்படைக் கோளாறு. அந்த அளவுகோலைச் செய்துதரும் கடமை சந்தையை நிர்வகிப்பவர்களுக்கு உண்டு. வேறொரு துறையில் அதை அவர்கள் ஏற்கெனவே செய்தும் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பங்குதாரர்கள் நம்பிய தொழில்நுட்பம் வெறும் கதையல்ல. பீட்டர் வான் டெர் மேட், அனில் மன்கர் ஆகியோர் தொடங்கிய பிரெயின்சிப், மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும் விதத்தைப் பின்பற்றிச் சிப் வடிவமைக்கிறது. வழக்கமான செயற்கை நுண்ணறிவு சிப், ஒவ்வொரு கணமும் எல்லா எண்களையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்கும். இந்த வகைச் சிப் ஏதாவது மாற்றம் நிகழ்ந்தால் மட்டுமே கணக்குப் போடும். மற்ற நேரத்தில் சும்மா இருக்கும். காதுக்கருவி, கைக்கடிகாரம், செயற்கைக்கோள் என மின்சாரம் அரிதான இடங்களில் இதற்குத் தேவை இருக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதே பாதையில் போய்ப் பார்த்தவைதான். ஐபிஎம் 2014-ல் ‘ட்ரூநார்த்’ சிப்பையும், இன்டெல் 2017-ல் ‘லோய்ஹி’ சிப்பையும் கொண்டுவந்தன. ஆனால் இரண்டும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெருவணிகமாகவில்லை. இந்தச் செய்தியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘பெரியவர்கள் விட்ட இடத்தைச் சிறியவர் பிடித்துவிட்டார்’ என்று ஒருவர் சொல்லலாம். ‘பெரியவர்களாலேயே வாங்குபவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று இன்னொருவர் சொல்லலாம். எது சரி என்பதைச் சிப்பின் திறன் தீர்மானிக்காது. அது விற்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும்.

விற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பிரெயின்சிப் தன் வடிவமைப்பை மற்ற சிப் நிறுவனங்களுக்கு உரிமமாக விற்று, பிறகு அவை விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி பெறுவதையே முக்கியத் திட்டமாக வைத்திருக்கிறது. ஜப்பானின் ரெனெசாஸ் 2020 டிசம்பரிலும், மெகாசிப்ஸ் 2021 நவம்பரிலும் உரிமம் வாங்கின. 2022-ல் நிறுவனத்தின் வருவாய் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு அது இரண்டரை லட்சத்துக்கும் கீழே சரிந்தது. 2024-ல் சுமார் நான்கு லட்சம். இந்த இரண்டு ஆண்டுகளிலும் நிகர நஷ்டம் தலா 2 கோடி டாலருக்கு மேல். அப்படியானால் பொறியாளர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? புதிய பங்குகளை வெளியிட்டதிலிருந்து வந்தது. 2020-ல் எல்டிஏ கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பணம் தேவைப்படும்போதெல்லாம் அந்நிறுவனத்துக்குப் புதுப் பங்குகளைக் கொடுத்து நிதி பெற்றது பிரெயின்சிப். 2022 தொடக்கத்தில் 170 கோடியாக இருந்த பங்குகள் 2025-ல் சுமார் 200 கோடியாகின. இதன் பொருளைச் சிறு பங்குதாரர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் மதிப்பு நாளைக்கே பழைய 400 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் திரும்பினாலும், ஒரு பங்கின் விலை 2.34 டாலருக்குத் திரும்பாது. 2 டாலர் அளவில்தான் நிற்கும். காத்திருப்பு இலவசமல்ல. ஒவ்வொரு காலாண்டும் அதற்கான கட்டணம் பங்குதாரரின் பங்கிலிருந்தே கழிகிறது.

வருவாய் இல்லாத நிறுவனத்தில் வருவாயின் இடத்தைச் செய்திகள் பிடித்துக்கொள்கின்றன. எந்தக் கூட்டாளி நிறுவனம் தன் விளக்கப்படத்தில் அகிடாவின் பெயரைப் போட்டது, லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் யாருடைய அரங்கில் அது இருந்தது, எந்தக் காப்புரிமை விண்ணப்பத்தில் இதே போன்ற சிப் பேசப்படுகிறது, எந்த கார் நிறுவனத்தின் பொறியாளர் வேலைவாய்ப்புத் தளத்தில் எதற்கு விருப்பம் தெரிவித்தார் என்றெல்லாம் பங்குதாரர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். ‘புள்ளிகளை இணைப்பது’ என்றே அவர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் வாசல்களில் புள்ளி வைப்பவருக்கு எந்தக் கோலம் போடப் போகிறோம் என்பது முன்பே தெரியும். இங்கே புள்ளி வைப்பவர் ஒருவர், கோடு இழுப்பவர் வேறொருவர். எந்தக் கோலமும் வரும். இதைப் பார்த்துச் சிரிப்பதில் பயனில்லை. தகவல் பஞ்சம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் கிடைத்ததை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். உரிமம் வாங்கிய நிறுவனம் அதை வைத்து என்ன செய்தது, எந்த நிலைக்கு வந்தது, எப்போது கைவிட்டது என்பதெல்லாம் முறையாகத் தெரிந்திருந்தால், ஒரு கண்காட்சிப் புகைப்படத்துக்கு அத்தனை மதிப்பு வந்திருக்காது.

வருவாய்க்குப் பதில் செய்தியை நம்பிப் பங்கு வாங்கும் இந்த நோய் ஆஸ்திரேலியாவுக்குப் புதிதல்ல. பிரெயின்சிப் சந்தைக்குள் நுழைந்த வழியே அதைச் சொல்லும். மடகாஸ்கரில் கனிமம் தேடிக்கொண்டிருந்த அஸியானா என்ற பெர்த் நிறுவனத்தின் பட்டியலிடப்பட்ட கூட்டுக்குள் 2015-ல் அது புகுந்தது. துணிகர மூலதனம் எளிதில் கிடைக்காத நாட்டில் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் இப்படிப் பழைய சுரங்க நிறுவனங்களின் கூட்டை வாங்கிக்கொண்டு சந்தைக்கு வந்தன. பெர்த் நகரத்துச் சிறு முதலீட்டாளருக்கு, இன்னும் ஒரு டன் கூட வெட்டி எடுக்காத நிறுவனத்தின் பங்கை வாங்குவது பல தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய பாடமும் உண்டு. 1969 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வின்டாராவில் நிக்கல் கண்டதாக பொசைடன் என்ற நிறுவனம் அறிவிப்பதற்கு முன், அந்த மாதத் தொடக்கத்தில், அதன் பங்கு விலை 80 சென்ட். 1970 பிப்ரவரியில் அது 280 டாலர். நிக்கல் உண்மையிலேயே இருந்தது. ஆனால் எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்தச் செலவில் என்பது அந்த விலையில் வாங்கியவர்களுக்குத் தெரியாது. எதிர்பார்த்ததைவிடத் தாது தரம் குறைந்ததாக இருந்தது, செலவு கூடியது, 1976-ல் நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொசைடனைப் பார்த்து மற்ற நிக்கல் பங்குகளிலும் பாய்ந்தவர்களின் நிலைமையும் அதேதான்.

அந்தச் சரிவுக்குப் பிறகு சுரங்கத் துறையும் சந்தையும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. 1971-ல் ஒரு குழு அமைந்தது. அது வளர்ந்து 1989-ல் ‘ஜோர்க்’ என்ற நெறிமுறை வெளியானது, பங்குச் சந்தை விதிகளிலும் சேர்ந்தது. அதன்படி, ‘கனிமம் கிடைத்துவிட்டது’ என்று ஒரு நிறுவனம் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. துளையிட்டதில் கிடைத்த முடிவு ஒன்று. அதை வைத்து ஊகித்த வளம் வேறு. போதிய சான்றுடன் காட்டப்பட்ட வளம் வேறு. அளந்து உறுதி செய்த வளம் வேறு. லாபத்தோடு வெட்டி எடுக்கக்கூடிய இருப்பு இவை எல்லாவற்றிலும் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். தகுதி பெற்ற ஒரு நிபுணர் தன் பெயரோடு அந்த அறிக்கைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, சென்ற ஆண்டு சொன்னதோடு ஒப்பிட்டு எது கூடியது, எது குறைந்தது என்றும் காட்ட வேண்டும். பங்கு ஏறுமா இறங்குமா என்று ஜோர்க் சொல்வதில்லை. ஒரு செய்தி எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும், எல்லோருக்கும் புரியும் ஒரே மொழியில் அது சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவு சிப் நிறுவனங்களுக்கும் இப்படியொரு படிநிலை வேண்டும். சிப் தொழிலின் நடைமுறையே அந்தப் படிகளைக் கொடுத்துவிடுகிறது. வாடிக்கையாளர் சோதனைப் பலகை வாங்கி முயன்று பார்ப்பது முதல் படி. இருவரும் சேர்ந்து ஒரு செயல்விளக்கம் காட்டுவது இரண்டாவது. பணம் கொடுத்து உரிமம் வாங்குவது மூன்றாவது. அந்த வடிவமைப்பை உள்ளடக்கிய சிப்பை வாடிக்கையாளர் உற்பத்தி ஆலைக்கு அனுப்புவது நான்காவது. அந்தச் சிப் உள்ள பொருள் கடைக்கு வந்து ராயல்டி கைக்கு வருவது ஐந்தாவது. இன்று இந்த ஐந்தையும் ‘கூட்டாண்மை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். மெர்சிடிஸ் கார் இரண்டாவது படி. பங்கு விலை ஐந்தாவது படிக்கானது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு படியிலும் எத்தனை வாடிக்கையாளர்கள், அவர்களிடமிருந்து வந்த பணம் எவ்வளவு, சென்ற ஆண்டிலிருந்து எத்தனை பேர் மேலேறினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று நான்கு வரி அட்டவணை போதும். அதில் கடைசி வரிதான் மிக முக்கியம். தொடக்கங்களுக்கு அறிவிப்பு வருகிறது, கைவிடல்களுக்கு வருவதில்லை. அதனால்தான் பங்குதாரரின் கணக்கில் கூட்டாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, வருவாய் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

‘என்விடியாவையும் ஆர்மையும் கூடத் தொடக்கத்தில் யாரும் நம்பவில்லை; பொறுத்தவர்கள் பூமி ஆண்டார்கள்’ என்ற வாதம் உடனே வரும். அந்த ஒப்பீட்டை எண்களோடு பார்க்க வேண்டும். என்விடியா 1999 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. அந்த மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் அதன் விற்பனை சுமார் 15.8 கோடி அமெரிக்க டாலர். பிரிட்டனின் ஆர்ம் 1998-ல் சந்தைக்கு வரும்போது லாபத்தில் இருந்தது. அதாவது அவற்றின் முதல் சிறு பங்குதாரர்கள் வாங்கியது ஐந்தாவது படியில் நின்ற நிறுவனங்களை. அதற்கு முந்தைய படிகளின் ஆபத்தைத் துணிகர முதலீட்டாளர்களும் தாய் நிறுவனங்களும் சுமந்திருந்தார்கள். ஆர்மின் ராயல்டிக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் வடிவமைப்பைக் கொண்ட சுமார் 3,060 கோடி சிப்கள் விற்பனையாயின. கிடைத்த ராயல்டி ஏறத்தாழ 168 கோடி அமெரிக்க டாலர். சராசரியாக ஒரு சிப்புக்கு ஐந்தரை சென்ட். முப்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்து, உலகின் கைபேசிகளில் ஏறத்தாழ அனைத்திலும் இருக்கும் நிறுவனத்துக்கே கிடைப்பது இவ்வளவுதான். அதே விகிதத்தில் ஒரு புதிய நிறுவனம் ஆண்டுக்கு 10 கோடி டாலர் ராயல்டி ஈட்ட வேண்டுமானால் சுமார் 180 கோடி சிப்கள் விற்க வேண்டும். இது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. பிரெயின்சிப்பை 400 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் வாங்கியவர்கள் எத்தனை கோடி சிப்களுக்கு முன்பணம் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த மறுப்பு நிறுவனங்களிடமிருந்து வரும். வாடிக்கையாளர்கள் ரகசிய ஒப்பந்தம் கேட்கிறார்கள், பெயரைச் சொன்னால் வணிகமே போய்விடும் என்பார்கள். இது உண்மைதான். தன் அடுத்த தயாரிப்பில் எந்தச் சிப் இருக்கிறது என்பதைப் போட்டியாளருக்குச் சொல்ல எந்த கார் நிறுவனமும் விரும்பாது. ஆனால் நான் கேட்கும் அட்டவணைக்குப் பெயர் தேவையில்லை. எண்ணிக்கையும் பணமும் போதும். ரகசியத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையின் 3.1-ஆம் விதிப்படி, பங்கு விலையைக் கணிசமாக மாற்றக்கூடிய தகவலை நிறுவனம் உடனே வெளியிட வேண்டும். ஆகவே பெரிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகிப் பல மாதங்களாக மறைந்திருக்கிறது என்று எதிர்பார்ப்பது, நிறுவனம் சட்டத்தை மீறுகிறது என்று எதிர்பார்ப்பதற்குச் சமம். ‘ரகசிய ஒப்பந்தம்’ என்ற சொல் நிறுவனத்துக்குக் கவசமாகவும் பங்குதாரருக்குக் கனவாகவும் ஒரே நேரத்தில் பயன்படுவது யாருக்கும் நல்லதல்ல. படிநிலை அறிக்கை அந்த மூட்டத்தைக் கலைக்கும்.

மூன்றாவது வாதம் சந்தையின் சுதந்திரம் பற்றியது. வாங்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள், ஆபத்து அவர்களுடையது, பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம், ஓட்டுப் போட்டு எதிர்க்கலாம் என்பார்கள். ஓட்டுப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2011 முதல், நிர்வாகிகளின் ஊதிய அறிக்கையைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 25 சதவீத ஓட்டுகள் எதிர்த்தால், இயக்குநர் குழுவையே கலைக்கலாமா என்று மறுபடியும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பிரெயின்சிப் பங்குதாரர்கள் 2023-லும் 2024-லும் அப்படி எதிர்த்தார்கள். குழுவைக் கலைக்கும் தீர்மானம் மட்டும் நிறைவேறவில்லை. இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கோபம் வெளிப்பட்ட இடம். அவர்களுடைய கேள்வி ‘சிப் எப்போது விற்கும்’ என்பது. ஓட்டுப் போடக் கிடைத்த சீட்டோ சம்பளத்தைப் பற்றியது. உரிய தகவல் கேட்கும் வழி இல்லாதபோது கோபம் கிடைத்த கதவைத் தட்டுகிறது. ஆபத்தை ஏற்பது அவர்கள் உரிமை. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்து ஏற்கும் ஆபத்தும் தெரியாமல் விழும் குழியும் ஒன்றல்ல.

இப்படியெல்லாம் விதி போட்டால் சிறு நிறுவனங்கள் மூச்சுத் திணறும், புதுமை நின்றுவிடும், சிப் தொழில் முழுக்கப் பெருநிறுவனங்களின் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிறு பங்குதாரர்களின் பணம் இல்லாவிட்டால் அகிடா போன்ற முயற்சி இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்காது. அந்த அளவில் அவர்களின் நம்பிக்கை ஒரு பொதுப் பயனைச் செய்திருக்கிறது. பெருந்தலைகள் பணம் போட்டாலும் இந்தத் தொழிலில் தோல்வி சகஜம். பிரிட்டனின் செயற்கை நுண்ணறிவு சிப் நிறுவனமான கிராஃப்கோர் 2020 முடிவில் 277 கோடி அமெரிக்க டாலர் மதிப்பைத் தொட்டது; 2024-ல் சாஃப்ட்பேங்க் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஜோர்க் வந்ததால் ஆஸ்திரேலியாவில் கனிமத் தேடல் நின்றுவிடவில்லை. பெர்த்தில் இன்றும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் சந்தைப் பணத்தில் துளையிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை, பங்குதாரர்கள் பணத்தை இழக்கவும் செய்கிறார்கள். அந்த நெறிமுறை நஷ்டத்தைத் தடுக்கவில்லை என்பது உண்மை. நேர்மையான தோல்வியையும் ஊதிப் பெருக்கிய வாக்குறுதியையும் பிரித்தறிய அது உதவியது. உண்மையிலேயே நான்காவது படியில் நிற்கும் சிப் நிறுவனத்துக்கும் இதனால் லாபம்தான். முதல் படியில் நின்றுகொண்டு கூச்சல் போடும் போட்டியாளரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்ட இன்று அதற்கு வழியில்லை.

இந்திய வாசகருக்கும் இதில் அக்கறை வேண்டிய காரணம் இருக்கிறது. இங்கே டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-ல் 20 கோடியைத் தாண்டிவிட்டது. செமிகண்டக்டர் என்ற சொல் வந்தாலே பங்கு துள்ளும் காலமும் வந்துவிட்டது. ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்று நாம் தினமும் படிக்கும் செய்திக்குப் பின்னால் எந்தப் படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கும் இல்லை. விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தொழில்நுட்பம் நல்லதா என்பதோடு, பணம் கொடுத்த வாடிக்கையாளர் எத்தனை பேர், கையிருப்பு எத்தனை காலாண்டுக்கு வரும், அது தீர்ந்தால் எத்தனை புதுப் பங்குகள் வெளியாகும் என்ற மூன்றையும் சிறு பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். பதில் வராத நிறுவனத்துக்குத் தன் பணத்தைத் தர மறுக்கலாம். வருவாய் இல்லாத நிறுவனத்தின் பங்குதாரர், விருந்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்த விருந்தாளி அல்ல. அடுப்பெரியச் செலவு செய்பவர் அவர்தான். செலவுக் கணக்கு கேட்பது அவருடைய உரிமை, அதைப் படிவாரியாகத் தருவது நிறுவனத்தின் கடமை, தரவைப்பது சந்தை நிர்வாகத்தின் வேலை. நிக்கலுக்கு அந்த ஒழுங்கைக் கொண்டுவரப் பொசைடன் சரிவுக்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. சிப்புக்கும் அத்தனை காலம் எடுத்துக்கொண்டால், இடையில் கரையும் சேமிப்புக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை.